மணமுறிவில் சொத்துப் பங்கீடும் ஜீவனாம்சமும்

மணமுறிவில் சொத்துப் பங்கீடும் ஜீவனாம்சமும் என்பது, திருமண உறவு சட்டப்படி முடிவுக்கு வரும்போது கணவன், மனைவி ஆகிய இருவரிடையே வீடு, நிலம், நகை, சேமிப்பு, கடன் ஆகியவற்றைப் பிரித்துக்கொள்ளும் முறையையும், வருவாய் குறைந்தவரின் பிழைப்புக்காக மற்றவர் வழங்கவேண்டிய தொகையை முடிவு செய்யும் முறையையும் குறிக்கும். பேச்சு வழக்கில் இவை இரண்டும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. சட்டத்தில் இவை வெவ்வேறானவை. பங்கீடு உரிமையின் அடிப்படையிலும், ஜீவனாம்சம் தேவையின் அடிப்படையிலும் அமைகின்றன. கோவா நீங்கலாக இந்தியாவில் மணமுறிவின்போது கணவன் மனைவியரின் சொத்தை இருவருக்கும் பங்கிடும் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. எனவே தமிழ்நாட்டில் மணமுறிவு பெறும் பெண் ஒருவர் பெரும்பாலும் பெறுவது ஜீவனாம்சம் மட்டுமே.

இக்கட்டுரை தமிழ்நாட்டில், குறிப்பாக மதுரை வட்டாரத்தில், இவ்விரண்டும் நடைமுறையில் எவ்வாறு அமைகின்றன என்பதை விளக்குகிறது.

சொற்கள்

நீதிமன்றங்களிலும் மக்கள் வழக்கிலும் பரவலாக உள்ள சொல் ஜீவனாம்சம் என்பதாகும். வாழ்க்கைப்படி, பராமரிப்புத் தொகை, பிழைப்பூதியம் முதலிய சொற்களும் எழுத்தில் காணப்படுகின்றன. ஜீவனம் என்பது பிழைப்பு. அம்சம் என்பது பங்கு. ஆக, பிழைப்புக்கான பங்கு என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருள். சொல்லில் பங்கு இருப்பினும் இன்றைய சட்டத்தில் அதற்குப் பங்கு என்ற பொருள் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

மணமுறிவைக் குறிக்க விவாகரத்து, மணவிலக்கு ஆகிய சொற்களும் வழங்குகின்றன. ஊர்ப்புறங்களில் "தீர்த்துக்கொள்ளுதல்" என்று கூறுவதும் உண்டு. இச்சொல் நீதிமன்ற ஆணையை மட்டுமன்றி, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக்கொள்ளும் பிரிவையும் குறிப்பதால் பல வழக்குகளில் குழப்பத்துக்குக் காரணமாகியுள்ளது.

மதுரை நாட்டின் பழைய வழக்காறு

மதுரை வட்டாரத்தில் மணமுறிவு ஐரோப்பியர் கொண்டுவந்த புதுமையன்று. சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஜே. எச். நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரை நாடு பற்றிய நூலில், இப்பகுதிக் கள்ளர் சமூகத்தின் மண வழக்கங்களைப் பதிவு செய்துள்ளார். அதன்படி கணவன், மனைவி இருவருக்கும் பிரிந்து செல்லும் உரிமை இருந்தது. மனைவியை விலக்க விரும்பும் கணவன் தன் சொத்தில் பாதியை அவளுக்குக் கொடுக்கவேண்டும். மனைவி தானே விலகிச் செல்ல விரும்பினால் 42 பணத்தை இழக்கவேண்டும். எட்கர் தர்சுட்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுப்பில், கணவன் சாதியார் முன்னிலையில் மனைவியிடம் ஒரு துரும்பைக் கொடுப்பதே மணமுறிவின் அடையாளம் என்ற குறிப்பும் உள்ளது. துரும்பு கொடுத்தல் என்றால் விலக்குதல், துரும்பு வாங்குதல் என்றால் விலக்கை ஏற்றல் என்று பொருள்.

இவை வெளியாரான அலுவலர் எழுதிய பதிவுகள். ஒவ்வொரு குடும்பத்திலும் பாதிச் சொத்து உண்மையாகவே கைமாறியது என்று இவற்றைக்கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆயினும் விலக்கும் கணவனே பாதியைத் தரவேண்டும் என்னும் விதி ஊரறிந்த விதியாக இருந்தது என்பதை இவை காட்டுகின்றன.

வழக்காறு எழுதப்பட்ட நூல்விதியை விட வலிமை வாய்ந்தது என்ற கோட்பாடும் இதே பகுதியிலிருந்து சென்ற வழக்கு ஒன்றில்தான் நிலைபெற்றது. இராமநாதபுரம் சமீன் தத்தெடுப்புத் தொடர்பான "மதுரை ஆட்சியர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி" வழக்கில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு சாத்திர விதியை மேற்கொள்ளும் என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1868இல் கூறியது. ஆயினும் நீதிமன்றங்கள் நடைமுறையில் வடமொழித் தரும நூல்களையே பெரிதும் பின்பற்றின. வழக்காறுகளின்படி வாழும் தென்னாட்டு மக்கள்மீது அவர்கள் அறியாத சாத்திர விதிகள் சுமத்தப்படுகின்றன என்று நெல்சன் 1877இல் தனி நூலே எழுதிக் கண்டித்தார். அந்நூலால் உடனடி மாற்றம் ஏதும் நிகழவில்லை.

சென்னை மாகாணம் 1949இல் இந்துக்களுக்கான இருதார மணத் தடை மற்றும் மணமுறிவுச் சட்டத்தை இயற்றியது. பின்னர் 1955இல் நடுவண் அரசின் இந்து திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் 29(2) பிரிவு, வழக்காற்றின்படி மணமுறிவு பெறும் உரிமையை இன்றும் காப்பாற்றுகிறது. ஆனால் அந்த வழக்காறு உள்ளது என்பதை, அதனைக் கூறுபவரே சான்றுகளுடன் மெய்ப்பிக்கவேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற சுப்பிரமணி எதிர் சந்திரலேகா வழக்கில், அவ்வாறு மெய்ப்பிக்கப்படாத மணமுறிவு ஆவணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஆகவே முத்திரைத்தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு "தீர்த்துக்கொண்ட" பிரிவு பல நேரங்களில் சட்டத்தின் பார்வையில் மணமுறிவே ஆகாது. முதல் மணம் நீடிப்பதாகக் கொள்ளப்படுவதால், அதன்பின் செய்துகொள்ளும் மறுமணம் செல்லாத மணமாகிவிடும் இடர் உண்டு.

வழக்காற்றில் இருந்த மணமுறிவு உரிமையைச் சட்டம் பேணியது. அதனுடன் இணைந்திருந்த பாதிச் சொத்து விதி சட்டத்தில் இடம்பெறவில்லை.

இன்றைய சட்டத்தில் சொத்து

இந்தியச் சட்டத்தில் திருமணம் ஒருவரின் சொத்தை மற்றவருக்கு உரிமையாக்குவதில்லை. பத்திரமும் பட்டாவும் எவர் பெயரில் உள்ளனவோ, அவரே பொதுவாக உரிமையாளர். இருவர் பெயரிலும் வாங்கிய சொத்து இருவருக்கும் உரியது. பிரிவின்போது ஒருவர் மற்றவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம், அல்லது பாகப்பிரிவினை வழக்குத் தொடரலாம். கணவனின் பூர்வீகச் சொத்தில் மனைவி பங்காளி ஆகமாட்டார். கணவன் இறந்தால் கைம்பெண் என்ற நிலையில் கிடைக்கும் மரபுரிமையும் மணமுறிவுடன் அற்றுப்போகிறது.

மனைவி தன் பிறந்த வீட்டில் பெறும் பங்கு இதனின்று வேறானது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டின் திருத்தமும், இந்தியா முழுமைக்குமான 2005ஆம் ஆண்டின் திருத்தமும் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்கு இணையான உரிமை அளித்தன. மணமுறிவு இவ்வுரிமையைப் பாதிக்காது. தந்தை வீட்டில் பங்கு வாங்கினால் உடன்பிறந்தாருடன் உறவு முறிந்துவிடும் என்ற அச்சத்தால் பல பெண்கள் அதனைக் கேட்பதில்லை என்பது வேறு செய்தி.

இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, திருமணத்தின்போது அல்லது அதனையொட்டி அளிக்கப்பட்டு இருவருக்கும் பொதுவாக உரிய பொருள்களைப் பற்றி மட்டும் ஆணையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கட்டில், பீரோ, பாத்திரம் முதலிய சீர்வரிசைப் பொருள்கள் இதில் அடங்கலாம். திருமணத்துக்குப் பின் பல ஆண்டு உழைப்பில் வாங்கிய மனையும் வீடும் இப்பிரிவின்கீழ் வருவது கடினம். இத்தகைய சொத்துகள் பற்றிக் கணவன் மனைவியரிடையே எழும் வழக்குகளைக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984இன்படி குடும்ப நீதிமன்றமே விசாரிக்கும். ஆனால் அந்நீதிமன்றமும் உரிமை யாருடையது என்று கண்டறியுமேயன்றி, நியாயம் கருதிப் புதிதாகப் பங்கிட்டுத் தர அதற்குப் பொது அதிகாரம் இல்லை.

நகையும் சீதனமும்

பெண்ணுக்குப் பெற்றோரும் உற்றாரும் அளித்த நகை, பணம், பொருள் ஆகியன சீதனம் எனப்படும். இது முழுவதும் அப்பெண்ணின் தனிச்சொத்து. பிரதிபா ராணி எதிர் சூரச் குமார் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. சீதனத்தைத் திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றமாகவும் ஆகலாம் என்று அத்தீர்ப்பு கூறியது. வரதட்சணையாகக் கொடுக்கப்பட்டது எதுவாயினும் அதனையும் பெண்ணிடமே ஒப்படைக்கவேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டம், 1961இன் 6ஆம் பிரிவு கூறுகிறது.

நகையைக் கணவன் இக்கட்டான நேரத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம். எனினும் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு. கேரளத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில், திருமணத்தின்போது பெண் கொண்டுவந்த 89 பவுன் நகை கணவன் வீட்டாரின் பொறுப்பில் போய், அவர்களது கடனை அடைக்கச் செலவாயிற்று. குடும்ப நீதிமன்றம் 2011இல் 8.9 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பெண்ணின் உரிமையை ஏற்று, இடைப்பட்ட காலத்தையும் விலையேற்றத்தையும் கருத்திற்கொண்டு 25 இலட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது.

இவ்வகை வழக்குகள் பெரும்பாலும் சான்றில்லாமல் தோற்கின்றன. நகைக்கடை இரசீது, திருமண நிழற்படங்கள், அடகுச் சீட்டு, வங்கி நகைக்கடன் கணக்கு ஆகியன சான்றாகும். மணமக்களுக்கு அளிக்கப்படும் அன்பளிப்புகளைப் பட்டியலிட்டு ஒப்பமிடவேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் நடுவண் அரசு விதிகள் கூறுகின்றன. மொய் நோட்டில் ஒவ்வொரு ரூபாயையும் தவறாமல் எழுதும் குடும்பங்கள்கூட இப்பட்டியலை எழுதுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

மதுரைக்கு மேற்கே சமணர் மலை அடிவாரத்தில் உள்ள கீழக்குயில்குடி போன்ற ஓர் ஊரில் வாழும் குடும்பம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். மாமனார் பெயரில் பட்டா உள்ள 60 சென்ட் நிலம். அதன் ஒரு மூலையில் மகனும் மருமகளும் சேர்ந்து கட்டிய வீடு. கணவன் பெயரில் ஒரு சரக்கு வண்டி. மனைவி 20 பவுன் நகையுடன் வந்தவர். வண்டிக்கு முன்பணம் கட்ட அதில் 12 பவுன் அடகு வைக்கப்பட்டு மீட்கப்படாமல் போயிற்று. வீட்டின் மேற்கூரைக்காக மனைவி மகளிர் சுய உதவிக் குழுவில் தன் பெயரில் கடன் வாங்கியுள்ளார். பூக்கட்டிக் கிடைத்த கூலியும் அன்றாடச் செலவில் கரைந்துவிட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் இருவரும் பிரிகின்றனர்.

நிலம் மாமனாருடையது; அதில் மனைவிக்குப் பங்கில்லை. அது பூர்வீகச் சொத்தாக இருந்து கணவனுக்கு அதில் பங்கு இருப்பின், அப்பங்கு அவனது வசதியைக் கணிக்க உதவும். மனைவிக்குப் பிரித்துத் தரப்படாது. வீடு நிலத்துடன் சேர்ந்தது என்பதால், கட்டுவதற்குத் தான் செலவிட்ட பணத்தை மனைவி தனியே மெய்ப்பிக்கவேண்டியிருக்கும். வண்டி கணவனுடையது. அடகில் போன 12 பவுன் சீதனம் என்பதால் அதனைக் கோரலாம். அடகுச் சீட்டில் கணவனின் பெயர் இருப்பின் நகை தன்னுடையது என்று காட்டும் சுமை அவருக்கு உண்டு. குழுக் கடன் அவர் பெயரில் உள்ளதால், வீடு யாரிடம் போனாலும் தவணை அவருடையது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005இன்படி அவர் அவ்வீட்டில் குடியிருக்க உரிமை கோரலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அது பகிர்ந்து வாழ்ந்த இல்லமாகும் என்று சதீசு சந்தர் அகுசா எதிர் சினேகா அகுசா வழக்கில் 2020 அக்டோபர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் கிடைப்பது குடியிருக்கும் உரிமையே, உடைமை மாறுவதில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தின் 2023 தீர்ப்பு

பெயர் யாருடையதோ சொத்தும் அவருடையது என்ற விதிக்குத் தமிழ்நாட்டில் குறிப்பிடத்தக்க விலக்கு ஒன்று 2023இல் தோன்றியது. நெய்வேலியைச் சேர்ந்த இணையர் 1965இல் மணந்தவர்கள். கணவர் 1980களில் சவூதி அரேபியாவுக்கு வேலைக்குச் சென்று 1994இல் திரும்பினார். தாம் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்துகளை மனைவி தமதாக்கிக்கொள்ள முயல்வதாக 1995இல் வழக்குத் தொடர்ந்தார். வழக்கு நடக்கும்போதே அவர் இறந்துவிட, பிள்ளைகள் தாய்க்கு எதிராக வழக்கைத் தொடர்ந்தனர்.

இரண்டாம் மேல்முறையீட்டில் நீதியரசர் கிருஷ்ணன் இராமசாமி 2023 சூன் 21 அன்று தீர்ப்பளித்தார். மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதனால்தான் கணவர் கவலையின்றி வெளிநாட்டில் பொருள் ஈட்ட முடிந்தது. எனவே சம்பளம் ஈட்டியவரும் இல்லத்தை நடத்தியவரும் சேர்ந்தே அச்சொத்தைச் சேர்த்தனர் என்பது தீர்ப்பின் அடிப்படை. மனைவியின் இல்லப் பணியை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஏற்கும் சட்டம் இதுவரை இயற்றப்படவில்லை என்பதை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அதனை நீதிபதி ஏற்பதைத் தடுக்கும் சட்டமும் இல்லை என்றது. கணவரின் வருவாயில் வாங்கிய சொத்துகளில் மனைவிக்குச் சரிபாதி உரிமை ஏற்கப்பட்டது.

இது மணமுறிவு வழக்கன்று, உரிமையியல் வழக்கு. தனி நீதியரசர் ஒருவர் அளித்த தீர்ப்பு என்பதால் நாடு முழுமைக்கும் கட்டுப்பாடான விதியாகவும் ஆகாது. எனினும் இல்லத்தரசியின் உழைப்பைச் சொத்துரிமைக்கு அடிப்படையாக ஏற்றமையால், மணமுறிவில் சொத்துக் கோருவோர் எடுத்துக்காட்டத்தக்க தீர்ப்பாக அது உள்ளது.

ஜீவனாம்சம்

சொத்தில் பங்கு கிடைக்காத நிலையில் வழக்கின் முழுச் சுமையும் ஜீவனாம்சத்தின்மீது விழுகிறது. அதனைக் கோரப் பல வழிகள் உள்ளன. இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வழக்கு நடைபெறும் காலத்துக்கான இடைக்கால ஜீவனாம்சத்தையும், 25ஆம் பிரிவு நிரந்தர ஜீவனாம்சத்தையும் வகுக்கின்றன. இவ்விரண்டையும் மனைவி மட்டுமன்றிக் கணவனும் கோரலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் புகழ்பெற்ற 125ஆம் பிரிவு, 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவின் 144ஆம் பிரிவாக உள்ளது. இதன்கீழ் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் கோரலாம். கணவன் கோர இயலாது. 125ஆம் பிரிவில் இருந்த மாதம் 500 ரூபாய் என்னும் உச்சவரம்பு 2001இல் நீக்கப்பட்டது. மேற்கூறிய குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழும் பண உதவி பெறலாம். ஒன்றுக்கு மேற்பட்ட சட்டங்களின்கீழ் தொகை பெற்றால், முன்னர் பெற்றது பின்னதில் கழிக்கப்படும்.

கீழக்குயில்குடியில் பிறந்து வேறு மாவட்டத்தில் மணமுடித்த பெண், பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருப்பின் மதுரை குடும்ப நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். மனைவி தற்போது வசிக்கும் இடத்தில் மனுச் செய்ய 2003ஆம் ஆண்டின் திருத்தம் வழிசெய்தது. மேல்முறையீடு 2004 சூலையில் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடைபெறும். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி வழங்கவேண்டும் என்று சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987 கூறுகிறது. இது பலரும் அறியாத உரிமையாகும்.

தொகையைக் கணிக்க நிலையான வாய்பாடு எதுவும் இல்லை. கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு பொருத்தமானது என்று 2017இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை அளவுகோலாகக் காட்டுவோர் உண்டு. அது அவ்வழக்கின் சூழலுக்குரியது. இருவரின் வருவாய், சொத்து, வயது, கல்வி, உடல்நிலை, மணவாழ்வின் காலம், பிள்ளைகளின் பொறுப்பு, குடும்பத்துக்காக மனைவி வேலையை விட்டாரா என்பன முதலியவற்றை நீதிமன்றம் பார்க்கும். மனைவி படித்தவர், சம்பாதிக்கும் திறனுடையவர் என்பது மட்டும் தொகையைக் குறைக்கப் போதாது என்று 2017இல் சைலசா எதிர் கோப்பண்ணா வழக்கில் கூறப்பட்டது.

நடைமுறையில் பெரிய இடர் வருவாயை மறைப்பதே. மாதச் சம்பளக்காரரின் வருவாயைச் சம்பளச் சீட்டு காட்டிவிடும். விவசாயி, வண்டி ஓட்டுநர், சிறு வணிகர் ஆகியோரின் வருவாய்க்குச் சீட்டு இல்லை. ரசுனேசு எதிர் நேகா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம், இருதரப்பினரும் சொத்து, வருவாய், கடன் ஆகியவற்றைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்வதைக் கட்டாயமாக்கியது. வேளாண் குடும்பங்களுக்கென நிலம், பயிர் போன்றவற்றைக் கேட்கும் தனிப் படிவமே அத்தீர்ப்பில் இணைக்கப்பட்டுள்ளது. மனுச் செய்த நாள் முதலே தொகை வழங்கப்படவேண்டும் என்றும் அத்தீர்ப்பு வகுத்தது. அதுவரை சில நீதிமன்றங்கள் ஆணையிட்ட நாள் முதல் கணக்கிட்டமையால், வழக்கை இழுத்தடிப்பது கணவனுக்கு ஆதாயமாக இருந்தது.

ஜீவனாம்சம் மனைவியையும் கணவனையும் செல்வத்தில் சமமாக்கும் கருவியாகாது என்பதையும் உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகக் கூறியுள்ளது. 2024 திசம்பர் 19 அன்று ஒரு வழக்கில் 12 கோடி ரூபாயை நிரந்தர ஜீவனாம்சமாக வழங்கிய அதே தீர்ப்பில், கணவனின் சொத்து மதிப்புக்கு ஈடாகத் தொகை கேட்கும் போக்கு ஏற்கத்தக்கதன்று என்றும் குறிப்பிட்டது.

செல்லாத மணத்தில் இருந்தவரும் 25ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கோரலாம் என்று 2025 பிப்ரவரி 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. ஊர்ப் பேச்சில் தீர்த்துக்கொண்ட ஆணை நம்பி மணந்து பின்னர் கைவிடப்படும் பெண்ணுக்கு இது முகாமையானது.

பிற சமயத்தினர்

இசுலாமியப் பெண்களைப் பொறுத்தவரை இந்தூரைச் சேர்ந்த சா பானு வழக்கில் 1985இல் 125ஆம் பிரிவு பொருந்தும் என்று கூறப்பட்டது. அதனையடுத்து எழுந்த எதிர்ப்பால் 1986இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இத்தா காலத்துக்குள் அப்பெண்ணின் எதிர்காலம் முழுமைக்குமான ஏற்பாட்டைக் கணவன் செய்யவேண்டும் என்று 2001இல் தானியல் லத்தீபி வழக்கு அச்சட்டத்துக்கு விளக்கம் தந்தது. 125ஆம் பிரிவின் வழியும் திறந்தே உள்ளது என்று 2024 சூலை 10 அன்று மீண்டும் உறுதி செய்யப்பட்டது. உறவினரால் பொருளுதவி செய்ய இயலாதபோது மாநில வக்பு வாரியம் அதனை ஏற்கவேண்டும் என்ற விதி, தமிழ்நாடு வக்பு வாரியம் தொடர்பான 1996 வழக்கில் விளக்கப்பட்டது. மகர் தொகை இவற்றுக்குப் புறம்பானது.

கிறித்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் பொருந்தும். இடைக்கால ஜீவனாம்சம் கணவனின் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை மிஞ்சக்கூடாது என்று அதில் இருந்த தடை 2001இல் நீக்கப்பட்டது.

இசைவு மணமுறிவும் ஒரே தவணைத் தொகையும்

இருவரும் இசைந்து பிரியும் முறை இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் 13ஆ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. இதில் பெரும்பாலும் ஒரே தொகையாகப் பேசி முடிக்கப்படுகிறது. பாதித் தொகையை மனுச் செய்யும்போதும் மீதியை இறுதி விசாரணை நாளிலும் வங்கி வரைவோலையாக நீதிமன்றத்திலேயே கொடுப்பது பரவலான நடைமுறை. இரு விசாரணைகளுக்கு இடைப்பட்ட ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தக்க காரணம் இருப்பின் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் கூறப்பட்டது.

இவ்வகை உடன்பாடுகளில் மூன்று இடங்களில் பிழை நேர்கிறது. நிலத்தை மனைவிக்குத் தருவதாக உடன்பாட்டில் எழுதிவிட்டுப் பத்திரம் பதியாமல் விட்டால், பட்டா மாறாது. வில்லங்கச் சான்றிலும் அது ஏறாது. வீட்டுக் கடனை இனி கணவன் கட்டுவான் என்று எழுதினாலும் வங்கி அதற்குக் கட்டுப்படாது. கூட்டுக் கடனில் ஒப்பமிட்ட மனைவியிடமும் அது தவணையைக் கேட்கும். பிள்ளைகளின் பராமரிப்பையும் சேர்த்து முடித்துவிட்டதாகத் தாய் எழுதிக் கொடுப்பதால், பிள்ளைகளுக்குத் தந்தையிடம் உள்ள உரிமை அழிந்துவிடாது என்பதையும் இருதரப்பும் மறந்துவிடுகின்றன.

நிறைவேற்றம்

ஆணை பெறுவதை விடத் தொகையைப் பெறுவது கடினம். 144ஆம் பிரிவின்கீழ் கட்டத்தவறிய ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். நிலுவையைக் கேட்கும் மனுவை அது சேர்ந்த ஓராண்டுக்குள் செய்யவேண்டும். ஜீவனாம்ச ஆணையை நிறைவேற்றும்போது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கே பறிமுதலிலிருந்து பாதுகாப்பு உண்டு. எஞ்சியதைப் பிடித்தம் செய்யலாம். பிற கடன்களுக்கு இவ்வளவு பிடிக்க இயலாது. 25ஆம் பிரிவின்படி தேவைப்பட்டால் கணவனின் அசையாச் சொத்தின்மீது தொகையைப் பாரமாக்கலாம். நிலையான சம்பளம் இல்லாத ஊர்ப்புறக் குடும்பங்களில் இதுவே பயன்மிக்க வழி. ஆயினும் மனுக்களில் இது அரிதாகவே கேட்கப்படுகிறது.

பராமரிப்பு உரிமைக்கு ஈடாக இந்துப் பெண் ஒருவருக்கு அளிக்கப்பட்ட சொத்து, ஆயுள் வரை அனுபவிக்க மட்டுமே என்று எழுதியிருந்தாலும் அவருக்கே முழு உரிமையாகிவிடும் என்று துளசம்மா எதிர் சேச ரெட்டி வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஜீவனாம்சமாக வந்தது சொத்தாக மாறும் ஒரே வாயில் இது எனலாம்.

சரிபாதி முறை நிலவும் இடங்கள்

யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைச் சட்டம் சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் எனப் பிரிக்கிறது. மணவாழ்வில் ஈட்டியது தேடிய தேட்டம் ஆகும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் கிளாசு ஐசாக்சு என்பவரால் தொகுக்கப்பட்ட இவ்வழமையில், தேட்டம் இருவருக்கும் பொது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் இருவரும் சம உரிமையர் என்றது. 1947ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வுரிமையைச் சுருக்கியது.

கோவாவில் 1867ஆம் ஆண்டின் போர்த்துக்கேய உரிமையியல் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு எழுதாத இணையரின் சொத்து இருவருக்கும் பொது. மணமுறிவில் பாதி பாதியாகப் பிரியும். இது எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்தும். தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோவில், மணவாழ்வில் இருவருக்கும் கூடிய நிகரச் சொத்து 1986ஆம் ஆண்டின் குடும்பச் சட்டப்படி சமன்செய்யப்படுகிறது. இதனால் ஒரே ஊரில் பிறந்த இரு சகோதரிகளில் ஒருவர் தொராண்டோவிலும் மற்றவர் மதுரையிலும் மணமுறிவு பெற்றால் விளைவு முற்றிலும் வேறாக இருக்கும்.

இந்தியாவிலும் ஒரு முயற்சி நடந்தது. 2010இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட திருமணச் சட்டங்கள் திருத்த வரைவு, கணவனின் அசையாச் சொத்திலிருந்து மனைவிக்குப் பங்கு வழங்க வழிசெய்யும் பிரிவுடன் 2013 ஆகத்தில் அவ்வவையில் நிறைவேறியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. 2014இல் பதினைந்தாம் மக்களவை கலைந்ததும் வரைவு காலாவதியாயிற்று.